பதினான்கில் பதின்மூன்று போக

அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். வேலை அப்படி. யார் யாருக்கு என்ன நோய், என்ன சிகிச்சை என்ற விவரமெல்லாம் ஜன்னல் இல்லாத ஓர் அறையின் கணினிகளில் கிடக்கும். ஆராய்ச்சியாளர்கள் செல்போனை வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே வந்து வேலை பார்ப்பார்கள். அவர்கள் தயாரிக்கும் அட்டவணைகள் மட்டும்தான் வெளியே போகும், அதுவும் அவள் பார்த்துச் சம்மதித்த பிறகு. அட்டவணையின் ஒரு கட்டத்தில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால், அவர்கள் யார் என்பதை மோப்பம் பிடிக்க ஊருக்கு அதிக நேரம் ஆகாது. அதனால் வெட்டிவிட வேண்டும்.

கொஞ்ச காலமாக முதல் சோதனையை மென்பொருள் பார்த்துக்கொண்டது. பத்துக்குக் குறைந்தால் சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை. சிவப்பையும் விடச் சொல்லி ஆராய்ச்சியாளர் கேட்கலாம். காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் படித்த பெருமக்கள் எழுதுவதைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். 'முக்கியம்' என்பார்கள். 'அவசரம்' என்பார்கள். ஒரு பேராசிரியர் வெறும் புள்ளி மட்டும் வைத்திருந்தார். அவருக்கு அடுத்தவர் மானம் அவ்வளவுதான் பெறும். பக்கத்து மேசைக்காரனோ பச்சையைத் திறந்துகூடப் பார்க்காமல் தள்ளிவிட்டு, வேகத்துக்காகப் பரிசுக் கோப்பை வாங்கினான். அதில் பேனா போட்டு வைத்திருக்கிறான், வெட்கம் கெட்டவன்.

அந்தப் புள்ளிப் பேராசிரியர்தான் போன வாரம் ஓர் அட்டவணை அனுப்பினார். மலைநகர மருத்துவமனை ஊழியர்களில் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்தவர்கள் பதினான்கு பேர். பச்சை. அவளும் விட்டுவிட்டாள். இந்த வாரம் இன்னொன்று வந்தது. அதே மருத்துவமனை, பல் பிரிவை மட்டும் நீக்கிய கணக்கு. பதின்மூன்று பேர். அதுவும் பச்சை.

மென்பொருள் ஒவ்வொரு அட்டவணையையும் தனியாகத்தான் பார்க்கும். அவளுக்குப் பழைய எண் ஞாபகம் இருந்தது. பதினான்கில் பதின்மூன்று போனால் பல் பிரிவில் ஒரே ஓர் ஆள். இதுவும் வெளியே போனால் அந்த ஆளின் பிழைப்பு நாறிவிடும். நிறுத்தி வைத்தாள்.

பேராசிரியர் போனில் குதித்தார். மெஷினே விட்ட பிறகு நடுவில் நீங்கள் யார் என்று கேட்டார். பிறகு மேலதிகாரி கூப்பிட்டார். அவள் பொறுமையாகக் கழித்துக் காட்டினாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார், நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார், குரலைத் தாழ்த்தினார்.

"யாரு அது?"

எச்சில் இலையை முகத்துக்கு நேரே நீட்டியது போல அவளுக்குக் குமட்டியது. தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன் என்றாள். விட வேண்டுமானால் நீங்களே உங்கள் பெயரில் விட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள். பெயர் என்றதும் அவர் நாற்காலி தானாகப் பின்னால் போனது. அட்டவணை வெளியே போகவில்லை.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். சோபாவில் சாய்ந்து செருப்பின் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். அலுவலக விஷயத்தில் அவள் வாய்க்குப் பூட்டுத்தான், இன்றைக்குப் பூட்டு நிற்கவில்லை. அதிகாரியைக் கரித்துக் கொட்டினாள்.

"ஒரே ஒரு ஆள்தாங்க, பல் செக்ஷன்ல. பாவம், குடியை விடணும்னு போயிருக்கு. அதைப் போய் யாருன்னு கேக்குறான். மனுஷனா அவன்?"

அவன் ஊசியை நிறுத்தினான்.

"அந்த மலைமேல இருக்கிற ஆஸ்பத்திரிதானே? போன வாரம் சொன்னியே, மலைநகர டேபிள் கண்றாவியா இருக்குன்னு."

சொல்லியிருந்தாள். ஊர்ப் பெயர் மட்டும்தானே என்று அன்றைக்கு நினைத்தாள். இன்றைக்குப் பிரிவு மட்டும்தானே என்று நினைத்தாள். அவள் வாயிலிருந்து போன இரண்டும் பச்சை.

"அங்க பல்லுக்கு அந்த டாக்டரம்மா ஒருத்திதான்," என்றான் அவன். "லிஃப்ட் பாக்கப் போனப்ப எனக்கு அவங்கதான் பல்லு புடுங்கினாங்க. கை லேசா நடுங்குச்சு. குளிருன்னு நெனச்சேன்."

அவன் முகத்தில் புதிரை விடுவித்தவனின் களை வந்திருந்தது. மேலதிகாரியைப் பார்த்து வந்த குமட்டல் மறுபடி எழுந்தது. இந்த முறை அது அவள் மேலேயே வந்தது. அவ்வளவு பெரிய கத்தரிக்கோல், சொந்த நாக்கை விட்டுவிட்டது.

அவன் செல்போனை எடுத்தான். "அக்கா சனிக்கிழமை பாப்பாவ அங்கதான் கூட்டிட்டுப் போறா. சொல்லிடுறேன்." அக்காவின் காதில் விழுந்தால் தெருவுக்கே விழுந்த மாதிரி.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது அவங்க இல்ல."

அவன் செல்போனைக் கீழே வைத்தான். அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அப்ப யாரு?"