பதினோரு நிமிடப் பேச்சு

களமருதூரில் கந்தசாமியின் கழனியில் அன்று நடவு. பதினான்கு பெண்கள் குனிந்தபடி பின்னுக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். நடவில் கைக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லை. முன்பெல்லாம் மாமியார்களும் டிவி சீரியல்களும் அந்த வாயில் அரைபடும். இரண்டு மாதமாக ஒரே பேச்சுதான். கோகிலவாணி புருஷனைக் கொன்றாளா, இல்லையா?

"தள்ளித்தான் உட்ருப்பா. இல்லன்னா ஒரு பொம்பள புருசன மலையில உட்டுட்டு தனியா பஸ் ஏறி வருவாளா?" என்றாள் செந்தமிழ்ச்செல்வி. ஆள் சேர்த்து நடவுக்கு அழைத்து வருகிறவள் அவள். அவள் ஒன்று சொன்னால் பின்னால் நாலு பேர் சொல்வார்கள்.

"அதான் வீடியோவுல பாத்தமே, பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்துகினு எப்டி சிரிக்கறா! அவன் அருவியில பொணமா கெடக்கறான், இவ பல்ல காட்டிக்கினு போன் பேசறா."

"பதினோரு நிமிசமாம். அப்டி இன்னா பேச்சு? யார்கிட்ட?"

குனிந்திருந்த முதுகுகள் எல்லாம் கொஞ்சம் நிமிர்ந்தன. எல்லோரும் வரப்போரத்தில் நட்டுக்கொண்டிருந்த ஜெயம்மாளைப் பார்த்தார்கள். ஜெயம்மாள் இன்னும் குனிந்துகொண்டாள்.

அவள் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிறந்த தங்கச்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை என்று நிறுத்தினார்கள். தங்கச்சி நடக்க ஆரம்பித்தபோது இவளுக்குத் திரும்பிப் போகக் கூச்சமாகிவிட்டது. அந்தக் கூச்சம் அவளோடு சேர்ந்தே வளர்ந்தது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க மாட்டாள். நடவிலும் வரப்போர இடம்தான் பிடிப்பாள். ஒரு பக்கம் மட்டும் ஆள் இருந்தால் போதும். அந்த ஒரு பக்கத்தில் ஏழு வருஷம் நின்று நட்டவள் கோகிலவாணி.

கல்யாணம் ஆகி வந்த மறுமாதமே கோகிலா நடவில் இறங்கினாள். முதல் நாளே, "யக்கா, உனுக்கு பேச வராதா, இல்ல எங்ககிட்டதான் பேசமாட்டியா?" என்று கேட்டாள். ஜெயம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளிடம் மட்டும் பேச்சு வந்தது. வாய் திறக்காமல் நாளெல்லாம் பார்த்து வைத்ததையெல்லாம் அவளிடம் நடித்துக் காட்டுவாள். கந்தசாமி வரப்பில் வேட்டியைத் தூக்கிப் பிடித்து நடப்பதை, செந்தமிழ்ச்செல்வி கூலி குறைவு என்று வாதாடும்போது மூக்கு விடைப்பதை. கோகிலா கையில் இருந்த நாற்றுக் கட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பாள், சேற்றிலேயே உட்கார்ந்துவிடுவாள் போல. அந்தச் சிரிப்புக்காகவே ஜெயம்மாள் மறுநாளைக்கு எதையாவது பார்த்து வைத்துக்கொள்வாள்.

கோகிலாவின் புருஷன் அன்புச்செல்வன் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் கோகிலா வயல் நண்டுக் குழம்பு வைப்பதைப் போனில் பிடித்து யூடியூபில் போட்டான். அது எப்படியோ ஊர் ஊராக ஓடியது. அடுத்து கருவாடு, அடுத்து களி. ஒரு வருஷத்தில் லட்சக்கணக்கான பேர் அவர்கள் வீட்டு அடுப்பைத் தினமும் பார்த்தார்கள். லாரியை விற்றான். கள்ளக்குறிச்சியில் வாடகைக்கு மாடி வீடு எடுத்தான். கோகிலா நடவுக்கு வருவது நின்றது.

ஜெயம்மாள் அந்த வீடியோக்களை ஒன்றிரண்டு தரம் பார்த்தாள். அதில் கோகிலா 'இன்னா' என்று சொல்வதில்லை, 'என்ன' என்பாள். புருஷன் தோளில் சாய்ந்து, "வணக்கம் சொந்தங்களே" என்பாள். அது வேறு யாரோ. பார்ப்பதை விட்டுவிட்டாள். அவளுடைய கோகிலா பகல் ஒரு மணிக்கு வருவாள், போனில். கஞ்சி குடித்துவிட்டு வேலியோர நிழலில் உட்காரும்போது போன் அடிக்கும். "யக்கா, இன்னிக்கு இன்னா பாத்த?" என்று அந்தப் பக்கம் கேட்கும்.

அந்தப் போன் நம்பர் முனியன் பெயரில் இருந்தது. முனியன் ஜெயம்மாளின் புருஷன், நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன். அந்தத் தெருவில் எந்தப் பெண்ணின் நம்பர்தான் அவள் பெயரில் இருக்கிறது? ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவன் பெயரில்தான் இருக்கும். அது ஒரு விஷயம் என்று யாருமே நினைத்ததில்லை.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை அன்புச்செல்வனும் கோகிலாவும் வீடியோ எடுக்கக் கல்வராயன் மலைக்குப் போனார்கள். கரியாலூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓர் அருவியில் இரண்டு பேருக்கும் சண்டை வந்தது என்றும், 'போ, பஸ்ஸில போய்ச் சேரு' என்று அவன் விரட்டினான் என்றும், தான் நடந்து வந்து பஸ் ஏறிவிட்டதாகவும் கோகிலா பிறகு போலீஸில் சொன்னாள். மறுநாள் காலை விறகுக்குப் போனவர்கள் பாறைக்குக் கீழே அன்புச்செல்வனைப் பார்த்தார்கள். வழுக்கி விழுந்தானா, தள்ளப்பட்டானா என்று பார்த்த சாட்சி இல்லை.

மூன்றாம் நாள் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக் கேமராவில் பதிவான காட்சி வெளியே வந்தது. அம்மா வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் கோகிலா, போனைக் காதில் வைத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரிக்கிறாள். நாலாம் நாள் அவளைக் கைது செய்தார்கள். ஐந்தாம் நாள், அவள் பேசியது முனியன் என்கிற ஆளின் நம்பருக்கு என்று செய்தி வந்தது. தினமும் பகல் ஒரு மணிக்கு அந்த நம்பருக்குப் பேச்சு என்றும் சொன்னார்கள். நண்டுக் குழம்பு பார்த்த அத்தனை பேரும் கோர்ட்டாகிவிட்டார்கள்.

நெல் நிலையத்தில் முனியனால் தலை காட்ட முடியவில்லை. "இன்னா முனியா, யூடியூப்காரி தெனம் உங்கிட்டதான் பேசுவாளாமே? எங்களுக்கும் ஒரு வணக்கம் சொல்லச் சொல்றது!" என்று மூட்டைக்காரர்கள் கேட்டார்கள்.

போலீஸ் இரண்டு பேரையும் கூப்பிட்டது. "நம்பர் என்னுதுங்க, போனு இவகிட்ட" என்றான் முனியன். பெண் போலீஸ் ஜெயம்மாளைப் பார்த்துக் கேட்டார், "நீதான் பேசுனியா? என்ன பேசுன?"

அறையில் ஏழெட்டு பேர் இருந்தார்கள். முனியன் பக்கத்தில் நின்றான்.

"சும்மாதாங்க."

"பதினோரு நிமிஷம் சும்மா பேசுனீங்களா?"

"ஆமாங்க."

அப்படியே எழுதிக்கொண்டார்கள். அடுத்த நாள் யூடியூபில் ஒருவன் மேஜையைத் தட்டித் தட்டிக் கேட்டான், தோழி எதை மறைக்கிறாள், யாரைக் காப்பாற்றுகிறாள் என்று.

அவள் மறைத்தது முனியனின் மீசையை. அக்கா மகளுக்குக் கல்யாணம் என்று முனியன் ஏதோ மலிவான மையை வாங்கி நரைத்த மீசைக்கு அடித்தான். விடிவதற்குள் மேலுதடு வீங்கிப்போனது. குளவி கொட்டிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லி, மூன்று நாள் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். அந்தத் திங்கட்கிழமை கோகிலா கூப்பிட்டபோது ஜெயம்மாள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடி அதைத்தான் சொன்னாள். புருஷனை நிற்க வைத்துக்கொண்டு, போலீஸ் முன்னால், அதை எப்படிச் சொல்வது?

அது ஒரு பக்கம். இன்னொன்றும் இருந்தது. போனை எடுத்ததும் கோகிலா வழக்கம் போல 'இன்னா பாத்த' என்று கேட்கவில்லை. "எதனா பேசுக்கா. சிரிக்கறாப்பல எதனா பேசு" என்றாள். ஏன்டி, என்ன ஆச்சு என்று ஜெயம்மாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மீசைக் கதை நாக்கு நுனியில் இருந்தது.

இரண்டு மாதமாகப் பகல் ஒரு மணியானால் ஜெயம்மாள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். அழுதுவிட்டுப் பேசிய குரலா? பயந்த குரலா? பஸ் நிலையத்து இரைச்சல்தான் ஞாபகம் வந்தது. நாளாக ஆக அந்தச் சிரிப்பின் சத்தம்கூட நினைவில் மங்கத் தொடங்கியது. அவளுக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. பார்த்து வைத்ததெல்லாம் சொல்ல ஆளில்லாமல் நெஞ்சில் சேர்ந்துகொண்டே போனது.

கோகிலாவின் அம்மா ராணியம்மாள் ஒருநாள் சாயங்காலம் வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசலிலேயே நின்றாள்.

"ஜாமீன் கேக்கறாங்கமா. அந்தச் சிரிப்புதான் பெரிசா நிக்குதுன்றாங்க வக்கீலு. நீ இன்னா பேசனன்னு வந்து சொன்னாதான் ஆவும்னு சொல்றாங்க. எம்பொண்ணு செஞ்சாளா இல்லியான்னு உன்ன கேக்க வரல. பேசனத மட்டும் சொல்லு தாயி."

அவள் போன பிறகு ஜெயம்மாள் அடுப்பைப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். முனியன் வந்தான்.

"ஏங்க, அன்னிக்கு கோகிலா எதுக்கு சிரிச்சான்னா…"

"எதுக்கு?"

"உங்க மீசைக்கு."

முனியன் சட்டையைக் கழற்றப்போன கையோடு நின்றான். "குளவின்னுதான சொன்ன?"

"மை போட்டதுன்னு சொன்னேன்."

"வீங்கனதையுமா?"

"நீங்க பேசறாப்பல பேசியும் காட்டனேன்."

"எப்டி? பேசு பாக்கலாம்."

ஜெயம்மாள் தலை குனிந்துகொண்டு, உதட்டை முன்னால் தள்ளி, 'ம' வராத வாயால், "ஏ ஜெயவ்வா, வோரு கொண்டா" என்றாள்.

முனியன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கோபமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு முதுகு குலுங்கியது. "அடப்பாவி. நாடே பாத்த சிரிப்பு எம்மீசைக்கா? போ, போயி சொல்லு. கள்ளப்புருசன்னு பேரு வாங்கறதுக்கு, குளவி கொட்டாதவன்னு பேரு வாங்கிக்கறேன்."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "ஆனா ஒண்ணு" என்றான். "அவ நெசமாவே செஞ்சிருந்தா?"

"எனக்குத் தெரியாதுங்க. மேல இன்னா நடந்துச்சின்னு நான் பாக்கல. அத கோர்ட்டு பாக்கட்டும். எனக்கு அவகிட்ட பேசணும்."

வக்கீல் இலக்கியா கள்ளக்குறிச்சியில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாடி அறையில் இருந்தார். சின்ன வயசு. ஜெயம்மாள் சொல்லச் சொல்ல எழுதினார். 'வோரு கொண்டா'வுக்கு வாயைப் பொத்திக்கொண்டார். ஜெயம்மாள் கடைசியில், முதலில் நடந்ததைச் சொன்னாள். 'எதனா பேசுக்கா' என்று கோகிலா கேட்டதை.

பேனா நின்றது. "இதையும் எழுதணுமாம்மா? புருஷன் கூட சண்டை போட்டுட்டு வந்த பொண்ணு மனசு ஆறக் கேட்டதுன்னு நான் சொல்வேன். வேற எதையோ மறக்கக் கேட்டான்னு அரசுத் தரப்புல சொல்வாங்க. விட்டுடலாம்."

ஜெயம்மாள் தன் கால்விரல்களைப் பார்த்தாள். விட்டுவிட்டால் கோகிலா சீக்கிரம் வந்துவிடுவாளோ? வந்து பக்கத்தில் நிற்பாளோ?

"எழுதிடுங்க" என்றாள். "மொத தடவ மறைச்சிதான் இவ்ளோ தூரம் வந்துச்சி. அவ பேசனது எல்லாம் அவ பேசனதாவே இருக்கட்டும்."

ஜாமீன் கிடைக்கவில்லை. விசாரணை முடியாமல் விட முடியாது என்றார்கள். மீசை சமாச்சாரம் மட்டும் எப்படியோ வெளியே போய், மீசைக்காகச் சிரித்தவள், சிரித்துக்கொண்டே தள்ளியவள் என்று பேச்சு வேறு திசைக்கு வண்டி ஏறியது.

காவலை நீட்டிக்கக் கோகிலாவை நேரில் கொண்டுவந்த நாளில் ஜெயம்மாள் கோர்ட் வளாகத்தில் வேப்பமரத்தடியில் நின்றாள். முனியனும் வந்திருந்தான். கேமராக்காரர்கள் இருபது பேருக்குக் குறையாது. இரண்டு பெண் போலீஸ் நடுவில் தலையிலிருந்து முகவாய் வரை துப்பட்டாவால் மூடிய ஓர் உருவம் வெளியே வந்தது. யாராகவும் இருக்கலாம். ஆனால் அந்த நடை, குதிகாலை அழுத்தாமல் சேற்றில் வைப்பது போல வைக்கிற நடை, ஜெயம்மாளுக்குத் தெரியும்.

"கோகிலா!"

தன் குரல் அவ்வளவு பெரியது என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. கேமராக்கள் அவள் பக்கம் திரும்பின. துப்பட்டா நின்றது. உள்ளிருந்து ஒரு கை அதை ஓர் ஓரம் விலக்கியது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்கள் ஜெயம்மாளைத் தேடிப் பிடித்தன.

போலீஸ் வேனுக்கு முப்பது அடி இருக்கும். ஜெயம்மாள் கூடவே நடந்தாள். யாரோ இடித்தார்கள். மைக் ஒன்று தோளில் பட்டது. கேட்டுவிடலாம், ஒரே ஒரு கேள்வி. அதைத்தான் அங்கிருந்த எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நீங்கதான் தள்ளுனீங்களா, ஏன் சிரிச்சீங்க என்று.

அவள் அதைக் கேட்கவில்லை. "கந்தசாமி கழனியில நடவு முடிஞ்சிடுச்சிடி" என்றாள். "இந்த வருசம் பொன்னிதான் போட்டிருக்காரு. செந்தமிழுக்குப் பேத்தி பொறந்திருக்கு, மூக்கு அவள மாரியே. தெரு முக்குல இருந்த பைப்ப மாத்திட்டாங்க, இப்ப தண்ணி ஜாஸ்தியா வருது. ராமசாமி மாமா புதுசா ஒரு கண்ணாடி போட்டுகினு, வரப்புன்னு நெனச்சி வாய்க்காலுல கால வெச்சி…"

கோகிலா பேசவில்லை. சிரிக்கவும் இல்லை. அவ்வளவு கேமராக்கள் முன்னால் இனி அவள் சிரிக்கவே மாட்டாளோ என்னவோ. ஆனால் நடையைக் குறைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் கண் அசைந்தது. பெண் போலீஸ் முழங்கையைப் பிடித்து ஏற்றியபோதும் தலையை இந்தப் பக்கமே வைத்திருந்தாள்.

வேன் கதவு சாத்திக்கொண்டது. ராமசாமி மாமா வாய்க்காலில் விழுந்தாரா, எழுந்தாரா என்பதை ஜெயம்மாள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. கம்பி வலை போட்ட ஜன்னலுக்கு நேராக ஓடினாள். வண்டி நகர்ந்தது. அடுத்த வாய்தா எப்போது என்று முனியன் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தான்.