ஈரச் சாக்கில் வைத்த கால்

பிள்ளைகளா, மருந்து ரூம் வேலைக்கு எப்படிப் போனீர்கள் என்று கேட்டீர்களே, அதற்காக இதை எழுதுகிறேன். மருந்து என்றால் வெடிமருந்துதான்.

அப்போது ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அலுமினியத் தூள் சலித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு தேய்த்தாலும் கை வெள்ளி பூசின மாதிரியே இருக்கும். காறித் துப்பினால் அதிலும் மினுங்கும். எப்படியாவது அந்தத் தூளை விட்டு வெளியே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. சிவகாசிக்கு வெளியே இன்னொரு பட்டாசுக் கம்பெனியில் கணக்கு எழுத ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் எட்டாவது படித்தவன். சாயந்தரம் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டும் இருந்தேன்.

கிளம்புகிற அன்று உங்கள் அம்மா சீயக்காய் கரைத்து என் கையைத் தேய்த்துவிட்டாள்.

"நகத்துக்குள்ள இன்னும் மினுங்குது. பெரிய கும்பிடா போட்டுராதீக, மொதலாளிக்குக் கண்ணு கூசிரும்."

அந்தக் கம்பெனி முதலாளி எழுதச் சொன்னார், கணக்குக் கூட்டச் சொன்னார். "எளுத்து முத்து முத்தா இருக்கே. இப்ப எங்கன வேலை பாக்கிற?"

"பலசரக்குக் கடையில கணக்கு எளுதுறேன் ஐயா."

தூள் சலிக்கிற ஆள் என்று தெரிந்தால் நாற்காலியில் உட்கார வைக்க மாட்டார்களே.

"சரி தம்பி, ஷெட்டுல சரக்கு எண்ணி எளுதணும். வா, எடத்தப் பாத்துக்க."

பின்னால் போனேன். ஷெட் வாசலில் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் நனைத்துப் போட்ட சாக்கு. செருப்பைத் தள்ளிக் கழற்றினேன். இரும்புக் கொக்கி வைத்த பெல்ட்டை உருவினேன். பையிலிருந்த சாவியையும் சில்லறையையும் எடுத்துச் செருப்பின் மேல் வைத்தேன். காலைக் கழுவி ஈரச் சாக்கில் மிதித்து நின்ற பிறகுதான் எனக்கே உறைத்தது. இரும்பு உரசிப் பொறி விழக் கூடாது, காலில் மண் ஒட்டி உள்ளே போகக் கூடாது என்று மருந்துக்காரர்கள் தினமும் செய்கிற காரியம் அது.

முதலாளி சிரித்தார். "ஏம்ப்பா, உங்க பலசரக்குக் கடையில வெடிமருந்தும் விக்கிறாகளோ? எந்தக் கம்பெனி? உண்மையச் சொல்லு."

சொன்னேன்.

"எளுத அம்புட்டுப் பேரு வாரான். சொல்லாமலே பெல்ட்ட உருவுற ஆளு எங்க கெடைப்பான்? நாளைக்கே மருந்து கலக்க வந்துரு."

"ஐயா, நான் கணக்கு எளுதத்தான்..."

"உங்க மொதலாளியும் நானும் நேத்துத்தான் ஒரே பந்தியில சாப்பிட்டோம். நீ இங்க வந்தத அவருகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அவர் காதில் விழுந்த பிறகு அங்கே எனக்கு வேலை ஏது? தலையாட்டினேன். பெல்ட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் உங்கள் அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். "கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு."

"நெசமாவா! நாக்காலியா, பெஞ்சா?"

"தரைதான்."

காலையில் கரைத்த சீயக்காய் கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. கீழே ஊற்றக் கையில் எடுத்தவள், திரும்பக் கொண்டுபோய் வைத்துத் தட்டால் மூடினாள்.