ஓமான் சாலையில் நிற்பவர்

அடுத்த மாதம் ஓமானில், மஸ்கட்டிலிருந்து சலாலா வரை பைக்கில் போகப் போகிறேன். அந்த நாட்டை நான் பார்த்ததே இல்லை. ஒத்திகையாகப் பைகளைக் கட்டிக்கொண்டு சிதம்பரத்திலிருந்து கடலூர் வந்து, தேவனாம்பட்டினத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். உச்சி வெயிலில் எதிரே வலைகள் காய்கின்றன. கைப்பேசி வரைபடத்தில், கேமரா வண்டி ஓடி எடுத்த அந்தப் பாலைவனச் சாலையின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறேன்.

டீ சொல்லும்போதே கடைக்கார அக்காவிடம் ஓமான் பயணத்தைச் சொல்லியிருந்தேன். டீ கொண்டுவந்தவர் திரையைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைக்கிறார்.

"இது எங்க அண்ணன்."

படத்தில் சாலையோரம் ஒருவர் நிற்கிறார். முகத்தை மங்கலாக்கியிருக்கிறார்கள்.

"மூஞ்சே தெரியலையேக்கா."

"நிக்கிறத பாரு தம்பி. தரையிலயும் போட்டுல நிக்கிற மாதிரிதான் நிப்பாரு."

கால்களை அகட்டி, முழங்காலைச் சற்று மடக்கி, அலைக்கு ஈடுகொடுப்பவர்போல நிற்கிறார். சுற்றிலும் மணல்.

"அங்க மீன் புடிக்கிற வேலையா?"

"ஆமா. அங்கியே கடல்ல செத்துட்டாரு. அஞ்சு வருஷம் ஆவுது. ஊட்டுக்கு வந்த பொட்டிய தொறக்க வேணான்னுட்டாங்க. அப்படியே பொதச்சோம்."

திரையின் மூலையில் தேதி இருக்கிறது; படம் போன வருஷம் எடுத்தது. விரலால் தள்ளுகிறேன். வெறும் சாலை. இன்னும் தள்ளுகிறேன். வெகுதூரம் தாண்டி, வேறோர் ஊர்ப் பலகையின் கீழே, அதே அகட்டிய கால்கள்.

அக்கா என் பைக்கைப் பார்க்கிறார். பின் சீட்டில் கட்டியிருக்கும் பையைப் பார்க்கிறார்.

"அங்க போறப்ப பின் சீட்டுல எதயும் கட்டாத தம்பி, காலியா வுடு. ஊட்டுக்கு வரத்தான் நிக்கிறாரு."