அக்காவுக்கும் அதே பூச்சி மாத்திரை

அக்கா இல்லாமல் ஓராண்டு எப்படியோ கடந்துவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பலருடைய பிள்ளைகளுக்கு அவர்தான் தடுப்பூசி போட்டார். அவருடைய ஒரே தம்பி நான். அதனால் இதை எழுதுகிறேன்.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் பிறந்தோம். அப்பா சீக்கிரமே தவறிவிட்டார். அக்கா நர்சிங் முடித்து, ஆனைமலைப் பக்கம் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்த பிறகுதான் எங்கள் வீடு நிமிர்ந்தது. அங்கேயே மாமாவை மணந்தார். யாழினி பிறந்தாள். பள்ளிகளில் பூச்சி மாத்திரை கொடுக்கும் நாளில், "எங்க, ஆ காட்டு கண்ணு" என்று ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் பார்த்த பிறகே விடுவார்.

முதலில் தலைவலி என்றார். பிறகு தண்ணீர் கேட்க நினைத்து, சாவி கேட்டார். மூளையில் வேகமாக வளரும் கட்டி என்றார்கள் கோவையில். அறுவை சிகிச்சைக்குப் பின் பேச்சு திரும்பியது. கதிர்வீச்சும் கீமோவும் முடிந்து சில மாதங்களில் கட்டியும் திரும்பியது. வேறு நோய்களுக்கு ஏற்கெனவே இருக்கும் மருந்துகளை இந்தக் கட்டிக்கும் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சி நடக்கிறது என்றார் டாக்டர். அவர் சொன்ன மருந்தின் பெயரைக் கேட்டதும் அக்கா சிரித்துவிட்டார்.

"ஏனுங்க டாக்டர், ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் நான் குடுத்த பூச்சி மாத்திரைங்களா எனக்கு?"

"அதே வகைதான் சிஸ்டர். அளவு ரொம்ப அதிகம். ஆய்வுக்கூடத்துல கட்டிய அடக்கியிருக்கு. மனுசங்களுக்கு எவ்வளவு உதவும்னு இன்னும் தெரியாது. குணமாகும்னு சொல்லமாட்டேன்."

"தெரிஞ்சுக்கத்தானுங்களே குடுக்கறீங்க. குடுங்க."

சில வாரங்கள் அவர் முகம் தெளிந்ததுபோல் இருந்தது. நாங்கள் நம்பினோம். பிறகு ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதிப்பு தெரிந்தது. ஸ்கேனில் கட்டி இன்னும் வளர்ந்திருந்தது. டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். திரும்பும் வழியெல்லாம் மாமா அழுதார். அக்கா அழவில்லை.

அவரை அழவைத்தது ஊர்ப் பேச்சு. "நர்சம்மாவுக்கே அந்த மாத்திரைதான் மூளையக் கெடுத்துப்போட்டுதாமா" என்று தாய்மார்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

மாத்திரை கொடுக்கும் நாளில், மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சொல்ல வாயெடுத்தார், வார்த்தை வரவில்லை. அதே பள்ளியில் படித்துக்கொண்டிருந்த யாழினி எழுந்து, கூடியிருந்த தாய்மார்கள் எல்லோருக்கும் முன்னால் ஒரு மாத்திரையை மென்றாள்.

"எங்கம்மாவுக்குக் கட்டி மொதல்லயே இருந்துச்சுங்க. மாத்திரைல வரலீங்க."

பிறகு ஒரு தாய் தன் மகளை முன்னால் அனுப்பினார். அந்தப் பிள்ளை மென்று முடித்ததும், கேட்காமலே அக்காவிடம் வாயைத் திறந்து காட்டியது. மற்றவர்களும் வரிசையில் வந்தார்கள்.

அந்தத் தாய்க்கு எங்கள் முதல் நன்றி. எதையும் மறைக்காமல் சொன்ன டாக்டருக்கும், கேட்கும்போதெல்லாம் கார் எடுத்த நண்பர்களுக்கும், எங்கள் வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்த அக்கம்பக்கத்தாருக்கும் கைகூப்புகிறோம்.

அக்கா என்னிடம் கடைசியாகப் பேசியதையும் சொல்லிவிடுகிறேன். அவர் மறைவதற்குச் சில நாள் முன்பு, சாயங்காலம் போயிருந்தேன். கட்டிலிலிருந்து வெகுநேரம் என்னைப் பார்த்தார்.

"வாங்க" என்றார்.

"அம்மணி, உன்ற தம்பி வந்திருக்கான்" என்றார் மாமா.

அக்கா பணிவாகத் தலையசைத்தார். "உக்காருங்க."

உட்கார்ந்தேன். நான் பிறந்ததிலிருந்து என்னை 'வாடா' என்று மட்டுமே அழைத்தவர் அவர்.