பின்குமிழும் ஒரு கட்டைவிரலும்

செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலையின் நிழல் சாயங்காலத்தில் முதலில் வந்து விழும் தெரு அது. அந்தத் தெருவில் முப்பது வருஷமாகப் பொங்கல் பானைகள் கிழக்கைத் தவிர வேறு திசை அறியவில்லை. கிழக்கே வழிந்தால் குடும்பம் விளங்கும், தெற்கே வழிந்தால் வீட்டுக்கு ஆகாது என்பது அங்குள்ள பெண்களின் கணக்கு. ஒரு வருஷம் அடித்த காற்றில் கோட்டைக் குரங்குகளெல்லாம் வாலை மரத்தில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அன்றைக்கும் பால் நுரை காற்றை எதிர்த்துக் கிழக்கேதான் வழிந்தது.

எல்லாம் செல்லம்மாள் செய்யும் அடுப்பின் ராசி என்றார்கள்.

செல்லம்மாள் மற்ற மாதங்களில் மணிலாக்கொட்டை பிடுங்கவும் நாற்று நடவும் போவாள். மார்கழி பிறந்தால் அவள் வாசலில் ஏரிக் களிமண் குவியும். சக்கரம் கிடையாது, சூளை கிடையாது. உமியும் சாணியும் சேர்த்து மிதித்த மண்ணைக் கயிறு போல் திரித்து, வட்டத்தின் மேல் வட்டமாக ஏற்றுவாள். வழிக்க ஒரு கொட்டாங்குச்சி, வழவழப்பாக்க உடைந்த வளையல், மெழுகப் புருஷனின் பழைய பனியன். பானை உட்காரப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குமிழ், பின்னால் ஒரு குமிழ். பெண்கள் கிழக்கே பார்த்து உட்கார்ந்து பொங்கல் வைப்பதால் பின்குமிழ் எப்போதும் கிழக்கில் நிற்கும். ஈரம் காய்வதற்குள், யாரும் பார்க்காத நேரத்தில், அந்தப் பின்குமிழை வலது கட்டைவிரலால் ஒரு புளியங்கொட்டை கனத்துக்கு அமுக்கிவிடுவாள். கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கிற பாலுக்குத் தெரியும்.

கெட்ட எண்ணத்தில் தொடங்கியதல்ல. வாழவந்த இரண்டாம் வருஷம் எதிர்வீட்டு அமலாவின் பானை தெற்கே வழிந்து, அந்தப் பெண் மாட்டுப்பொங்கல் வரைக்கும் சாப்பிடாமல் அழுதாள். மறுவருஷம் அவளுக்கு அடுப்பு செய்தபோது செல்லம்மாளின் விரல் தானாக அமுக்கியது. அப்புறம் தெரு முழுக்க அமுக்க வேண்டியதாயிற்று. புருஷன் துரைக்கண்ணுவிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

இந்த வருஷம் மகள் சுமலதாவுக்குத் தலைப்பொங்கல். செஞ்சிக்கு வடக்கே வளத்தியில் கட்டிக் கொடுத்திருந்தது. மார்கழி ஐந்தாம் தேதி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது செல்லம்மாள் விழுந்தாள். வலது கை கட்டைவிரலோடு சேர்த்து மாவுக்கட்டுக்குள் போயிற்று. சுமலதா வாரத்துக்கு இரண்டு தரம் ஓடிவந்து ஆக்கிப் போட்டாள். அது மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "எம் மருமவ எந்த வூட்ல வாழ்றான்னே தெரியல. உங்கம்மா அடுப்புதான் பேர்போன அடுப்பாச்சே. தலைப்பொங்கலுக்கு அதக் கொண்டா. கிழக்கே வழிஞ்சா நான் வாயே தொறக்கல" என்று சொல்லிவிட்டாள். மகளின் வாழ்க்கை ஒரு பானை நுரையில் வந்து நின்றது.

"நான் செய்றேன்" என்றான் துரைக்கண்ணு. டிராக்டர் ஓட்டுகிறவன். மண்ணை அதுவரை டயருக்கு அடியில்தான் பார்த்திருக்கிறான்.

"தண்ணி எவ்ளோ ஊத்தணும்?"

"போதும்னு தோணுற வரைக்கும்."

"எனக்குத் தோணலியே."

"தொட்டா தெரியும்யா."

"தொட்டுகினுதான் இருக்குறேன். மண்ணுன்னுதான் தெரியுது."

முப்பது வருஷம் கை செய்த வேலையை வாய் ஒரு நாளும் கற்றுக்கொள்ளவில்லை. எப்படியோ அடுப்பு என்று ஒன்று எழும்பியது.

"பின்னாடி குமிழ லேசா அமுக்கு."

"இன்னாத்துக்கு?"

"அமுக்குன்னா அமுக்கேன்!"

"இரு, டென்ஷன் ஆவாத." குமிழ்களின் மேல் போனைப் படுக்க வைத்தான். மட்டம் பார்க்கும் ஆப்பில் குமிழி நடுவில் வந்து நின்றது. "பாத்தியா, ஜீரோ! நீ குத்துமதிப்பா செஞ்சத நான் சுத்தமா செஞ்சிட்டேன்."

அவன் குளிக்கப் போன நேரம் அவள் இடது கட்டைவிரலால் முயன்றாள். அது யாரிடமோ இரவல் வாங்கிய விரல் போல வழுக்கி, குமிழில் ஒரு பள்ளம் போட்டது. திரும்பி வந்தவன், "பூனை மிதிச்சிட்டுது" என்று அதையும் பூசி, மறுபடி ஜீரோ வைத்தான்.

ஈர அடுப்பை நாளெல்லாம் வெயிலுக்குத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். திருப்ப இரண்டு கை வேண்டும். இரண்டு கை உள்ளவன் உழவுக்குப் போய்விட்டான். தை நெருங்கும் வெயில் தெற்கிலிருந்தே சாய்வாக அடித்தது. வெயில் பட்ட பக்கம் முந்திக் காய்ந்து சுருங்கியது. போகியன்று ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அடுப்பின் மேல் வைத்துப் பார்த்தாள். தண்ணீர் முழுக்கத் தெற்கு ஓரத்தில் போய் நின்றது. காய்ந்த மண்ணில் ஈரமண் ஒட்டாது. ஒட்டினாலும் நெருப்புப் பட்டால் பெயர்ந்து விழும். வாசலில் மாப்பிள்ளை சிவசங்கர் ஆட்டோவோடு நின்றான்.

"உங்க அத்த மாவுக்கட்டோட, ஒத்தக் கையாலயே செஞ்சா மாப்ள!" என்றான் துரைக்கண்ணு, பெருமைக்கு. செல்லம்மாள் மறுப்பதற்குள் அடுப்பு ஆட்டோவில் ஏறிவிட்டது.

பொங்கல் காலையில் வீடியோ காலில் மகள் வந்தாள்.

"சுமா, அடுப்பு ஆடப் போவுது. தெக்குப் பக்கம் அடியில ஒரு ஓட்டுச்சில்லு குடு."

"ஆடலம்மா. அத்தையே மண்ணு கொட்டிப் பதிச்சிட்டாங்க. மல மாதிரி நிக்குது."

பால் பொங்கி எழுந்தது. விளிம்பில் ஒரு கணம் தயங்கியது, தெற்கே வழிந்தது. 'பொங்கலோ பொங்கல்' பாதியில் நின்றது. திரை முழுக்கச் சம்பந்தியின் முகம்.

"தெக்கே இன்னா இருக்குது சம்பந்தி? செஞ்சிதானே? பாலுகூட அம்மா வூட்டுக்கே ஓடுது பாருங்க."

பின்னால் சுமலதா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். செல்லம்மாளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"சம்பந்தி, அது கோண அடுப்பு. நான் செய்யல, இந்த ஆளு செஞ்சது. கிழக்கே வழியறதே ராசியில்ல. இத்தன வருசமா நாந்தான் குமிழ அமுக்கி அமுக்கி..."

"போதும் சம்பந்தி. பொண்ணுக்காவ முப்பது வருசத்து ராசியவே பொய்யின்னுவீங்களா? பெத்த வயிறு, எனக்கும் புரியுது. அதுக்காவ இப்டியா?"

கால் அணைந்தது.

"இன்னாத்துக்கு இப்டிப் புளுவுன?" என்றான் துரைக்கண்ணு. நிஜமாகவே அவனுக்கு வருத்தம். "ஜீரோ வெச்சு செஞ்ச அடுப்பு அது."

எதிர்வீட்டிலிருந்து அமலா ஒரு கிண்ணத்தோடு ஓடிவந்தாள். தெருவில் இந்த வருஷம் எல்லோருக்கும் பழைய அடுப்புதான்.

"யக்கா, இந்த வருசமும் கிழக்கேதான்! உன் கைய கண்ணுல ஒத்திக்கணும். எம் மருமவளுக்கு அடுத்த வருசம் ஒண்ணு, இப்பவே சொல்லிட்டேன்."

சொல்லிக்கொண்டே ஒரு கை சர்க்கரைப் பொங்கலைச் செல்லம்மாளின் வாயில் ஊட்டினாள். செல்லம்மாள் மென்றாள். வாய் காலியாக இருந்திருந்தாலும், சொன்னால் நம்புவதற்கு அங்கே ஆளில்லை.