லான்மடாவில் ஒரு சோமாலியப் பாட்டு

பர்மாத் துறைமுகத்தை ஒட்டிய லான்மடாவில் கரண்ட் இல்லை. தேநீர்க்கடை வாசலில் ஜெனரேட்டர் இரைகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் யூசுஃப் சோமாலியாக்காரர், கப்பல் பொறியாளர். கப்பலைப் பழுதுபார்த்து முடிக்கும்வரை அவருக்குப் பொழுது போவது இங்கேதான்.

"அவங்க ஊருப் பாட்டு ஒண்ணு சொல்லச் சொல்லுங்கண்ணே" என்கிறார் கடைக்காரர் செல்வம், பர்மிய மரியாதையில் 'கோ செல்வம்', இங்கேயே பிறந்த தமிழர். நான் ஆங்கிலத்தில் கேட்கிறேன்.

"வர்சமே" என்று தொடங்குகிறார் யூசுஃப். அது பாட்டைக் கட்டியவரின் பெயர். அதை முதலில் சொல்லாமல் பாட்டைச் சொல்லக் கூடாதாம். வர்சமே ஒட்டகம் மேய்த்தவர், எழுதத் தெரியாதவர். ஒரு கிணற்றுக்காக வெட்டிக்கொண்ட இரண்டு கூட்டங்களை இந்தப் பாட்டுதான் நிறுத்தியதாம். அவர் செத்துப்போய்விட்டார். பாட்டு, கேட்டவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது.

பாதியில் ஓர் அடி மறந்துவிடுகிறது. யூசுஃப் நிறுத்திவிடுகிறார்.

"எதையாச்சும் போட்டு ரொப்பச் சொல்லுங்க. நமக்கென்ன தெரியவா போவுது?" என்கிறார் செல்வம்.

மொழிபெயர்க்கிறேன். யூசுஃப் சிரிக்கவில்லை. ஊரிலிருக்கும் அக்காவுக்குப் போன் போடுகிறார். அறுந்து அறுந்து ஒருவழியாக லைன் கிடைக்கிறது, ஆனால் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. செல்வம் எழுந்துபோய் ஜெனரேட்டரை அணைக்கிறார். மின்விசிறிகள் நிற்கின்றன. ஸ்பீக்கரில் அக்காவின் குரல் முதலில் "வர்சமே" என்கிறது. பிறகுதான் அந்த அடியைச் சொல்கிறது.

யூசுஃப் திரும்பவும் பெயரிலிருந்து தொடங்கி முழுப் பாட்டையும் சொல்லி முடிக்கிறார்.

வியர்த்துக்கொண்டிருக்கும் பக்கத்து மேசைப் பெண் நின்றுபோன மின்விசிறியைக் காட்டி பர்மியத்தில் ஏதோ அதட்டிக் கேட்கிறாள். செல்வம் நீளமாகப் பதில் சொல்கிறார். அதில் எனக்குப் புரிவது முதல் சொல் மட்டும்தான்: வர்சமே.