சட்டையை மாற்றிக்கொண்டு போகச் சொன்ன அப்பா

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும், அப்பாவோடு சேர்ந்து சுமை தூக்கிய தோழர்களுக்கும் என் வணக்கம்.

மூத்தவன் நான்தான் எழுத வேண்டும் என்று தங்கை சொல்லிவிட்டாள். நான் நாலாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. நாலு பேர் கூடினால் பின்னால் போய் நின்றுகொள்கிறவன். எனக்கு வராது என்றேன். "பேசறதுக்குத்தானண்ணா உனக்குக் கூச்சம்? எழுதறப்ப உன்ற மூஞ்சிய யாரு பாக்கப் போறாங்க?" என்றாள். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது கொழிஞ்சாம்பாறைக்கு அந்தப் பக்கம், ஒரு தோட்டத்துக்குள் இருந்த சாளை வீட்டில். தாத்தாவும் பாட்டியும் அந்தத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். அப்பாவுக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. மாடு மேய்த்தார், ஏற்றம் இறைத்தார். இளவட்டமாக இருந்தபோது மழை பொய்த்துத் தோட்டத்தில் வேலை இல்லாமல் போனது. கஞ்சிக்கோட்டில் கம்பெனிகள் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாற்றுத்துணி ஒன்றோடு நடந்தே வந்துவிட்டார். முதலில் கம்பெனிச் சுவர்களுக்குக் கல்லும் மணலும் சுமந்தார். சுவர் எழும்பிய பிறகு அதே கேட்டுக்கு வெளியே நின்று, வரும் லாரிகளிலிருந்து சாமான் இறக்கினார். கடைசிவரை அதுவே அவருடைய தொழிலாக இருந்தது. அம்மாவைக் கல்யாணம் செய்ததும், எங்கள் இருவரையும் வளர்த்ததும், தங்கையைக் கட்டிக்கொடுத்ததும் எல்லாம் அந்தத் தலைச்சுமையில்தான்.

எங்கள் சுமைக்காரர் செட்டில் ஒரு முறை உண்டு. லாரி வந்தால் எல்லோரும் சேர்ந்து இறக்குவோம். சாயந்திரம் வந்த கூலியை எல்லோருக்கும் சமமாகப் பிரிப்போம். இன்றைக்கு நீ குறைவாகத் தூக்கினாய், நான் அதிகமாகத் தூக்கினேன் என்ற பேச்சே கிடையாது. அப்பா அந்தச் செட்டுக்குப் பல காலம் தலைவராக இருந்தார். கல்யாண வீட்டுக்குக் கட்டிலும் பீரோவும் வந்து இறங்கினால் அவர் கூலி வாங்க விடமாட்டார். "பந்தியில உக்கார வெச்சுச் சோறு போடுங்க, அது போதும்" என்பார்.

இந்தப் பக்கத்தில் முன்பு நோக்குகூலி என்று ஒன்று இருந்தது. வீட்டுக்காரர்களே தங்கள் சாமானை இறக்கிக்கொண்டாலும், பார்த்து நின்றதற்காகச் சுமைக்காரர்கள் கேட்கும் கூலி. அரசாங்கம் அதைத் தடை செய்துவிட்டது. தடை வருவதற்கு வெகுகாலம் முன்பே அப்பா தன் செட்டில் அதை ஒழித்துவிட்டார். "தொடாத சாமானுக்குக் காசு வாங்குனா அந்தச் சோறு தொண்டையில எறங்குமாடா?" என்று கேட்பார். கஞ்சிக்கோட்டில் அப்பாவுக்கு ஒரு பேர் இருந்ததென்றால் அது இதனால் வந்த பேர்.

அவருக்கு வயதானதும் செட்டில் அவருடைய இடம் எனக்கு வந்தது. எங்கள் வழக்கம் அது. தகப்பன் விலகினால் அந்த இடம் மகனுக்கு. நான் அப்போது ஒரு மளிகைக் கடையின் உள்ளறையில் பருப்பும் சர்க்கரையும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். யாரோடும் பேச வேண்டாம் என்பதால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஆனால் அப்பா சுமைக்காரர்களின் நீலச் சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டு வந்து நீட்டியபோது மறுக்க வாய் வரவில்லை. அவர் அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

நானும் பல வருஷம் தூக்கினேன். பிறகு முதுகு விட்டுவிட்டது. முதுகெலும்பில் தட்டு நகர்ந்திருக்கிறது, இனித் தலையில் சுமை ஏற்றினால் கால் விளங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். செட்டுக்காரர்கள் என்னை விலக்கவில்லை. அப்பாவுக்குப் பின் தலைவரான ஆறுச்சாமி அண்ணன், "நீ கயிறு அவுத்து உட்டு, தார்ப்பாய மடிச்சு வெய்யி, போதும்" என்றார். நான் கயிறு அவிழ்த்தேன். தார்ப்பாய் மடித்தேன். சாயந்திரம் முழுப் பங்கும் என் கைக்கு வந்தது. பக்கத்தில் நிற்கிறவர்களின் கழுத்து நரம்பு புடைத்திருக்கும். என் சட்டையில் வேர்வைகூட இருக்காது. "பாய் மடிக்கறதுக்குன்னே ஒரு ஆளு வெச்சிருக்கோம், கல்யாண ஊட்டுலயாட்டம்" என்று வேலுச்சாமி ஒருநாள் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. நானும் சிரித்தேன். அன்று பங்கு வாங்கும்போது தலை நிமிரவில்லை.

வேறு வேலை தேடிப் பார்த்தேன். வாட்ச்மேன் வேலைக்குப் போனால் வண்டி நம்பரையும் ஆள் பேரையும் இங்கிலீஷில் எழுத வேண்டும் என்றார்கள். லாட்டரிச் சீட்டு விற்கலாம் என்று ஒருவர் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தம் போட வேண்டும். வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒரு தடவை சத்தம் போட்டுப் பார்த்தேன். எனக்கே கேட்கவில்லை. இந்த வயதில் இனி எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல், மறுபடியும் போய்த் தார்ப்பாய் மடித்தேன். அப்பா மட்டும் வருகிறவர்களிடமெல்லாம், "என்ற எடத்துல பையன் இருக்கறான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சு குழறியது. அம்மா முன்பே காலமாகிவிட்டார். என் மனைவி ஒரு பாக்கிங் கம்பெனிக்குப் போகிறாள், அந்தச் சம்பளத்தை விட முடியாது. அதனால் நான் செட்டில் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டிலேயே வந்து பார்க்கும் பஞ்சாயத்து சிஸ்டர் வந்தார். உடம்பைப் புரட்டுவது, முதுகு புண்ணாகாமல் பார்ப்பது, படுக்க வைத்தபடியே குளிப்பாட்டுவது, சிறுநீர் டியூப் மாற்றும்போது பிடித்துக்கொள்வது எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். முதல் தடவை அப்பாவின் வேட்டியை அவிழ்த்தபோது அவர் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டே செய்தேன். நாள் ஆக ஆக இரண்டு பேருக்கும் பழகிவிட்டது.

ஒருநாள் சிஸ்டர் சொன்னார்: "சேட்டா, உங்க கை நல்ல கையாக்கும். நல்லேப்பிள்ளியில ஒரு மாஷ் கெடப்பில இருக்காரு. ரிட்டயர் ஆன ஸ்கூல் வாத்தியாரு. மகன் ஆள் தேடிட்டிருக்கான். தினமும் காலையில போயிக் குளிப்பாட்டி விடுறீங்களா? சம்பளம் தருவாங்க."

பெற்ற தகப்பனுக்குச் செய்வது வேறு. ஊரான் வீட்டுக் கிழவரைக் கழுவிவிட்டுச் சம்பளம் வாங்குவது வேறு. இரண்டு நாள் சாக்குச் சொன்னேன். ஆனால் யோசிக்க யோசிக்க, எனக்குத் தெரிந்ததும், என் முதுகு தாங்குவதும், சத்தம் போடத் தேவையில்லாததும் இது ஒன்றுதான் என்று பட்டது. நல்லேப்பிள்ளி தூரம். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. சரி என்றேன். காலையில் அப்பாவோடு இருக்க மனைவி மதிய ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முதல் நாள் காலை நான் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தெருவில் பார்க்கிறவர்கள் செட்டுக்குப் போகிறான் என்று நினைக்கட்டும் என்பதற்காக.

மாஷ் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் ஒரு டெம்போ நின்றது. ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாங்கி வந்து, மகனும் டிரைவரும் அப்போதுதான் இறக்கி உள்ளே கொண்டு போயிருந்தார்கள். சிஸ்டர் இன்னும் வரவில்லை. நான் வழக்கம்போல ஓரமாக நின்றேன். மகன் வெளியே வந்தார். என் சட்டையைப் பார்த்தார். சட்டைப் பையில் குத்தியிருந்த, ஊரும் நம்பரும் போட்ட யூனியன் பட்டையைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"கஞ்சிக்கோட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்துட்டீங்களா? படுக்கையில கெடக்கற ஆளுக்குக் கட்டில் வாங்குனா, அதுக்கும் நோக்குகூலியா? வெக்கமா இல்லியா உங்களுக்கு?"

இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் அப்பாவைக் குளிப்பாட்ட வந்தேன் என்று, டெம்போ டிரைவர் பார்த்துக்கொண்டிருக்க, எனக்குச் சொல்ல வரவில்லை. அவர் ஒரு நோட்டை என் பையில் திணித்துவிட்டுக் கேட்டைச் சாத்தினார். நான் அந்த நோட்டைக் கேட்டுக் கம்பியில் செருகி வைத்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தேன். சிஸ்டர் போனில் கூப்பிட்டபோது உடம்பு சரியில்லை என்றேன்.

மாஷின் மகன் யூனியன் ஆபீசுக்குப் புகார் சொல்லிவிட்டார். பட்டையிலிருந்த நம்பரும் சொல்லியிருக்கிறார். மறுநாள் ஆறுச்சாமி அண்ணனும் வேலுச்சாமியும் இன்னும் சிலரும் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா படுத்திருந்த அறைதான் எங்கள் முன்னறை. வேறு இடம் இல்லை. அவருடைய கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று கேட்டார்கள்.

"சும்மா இருந்தாலும் பங்கு குடுத்தமல்லடா?" என்றார் ஆறுச்சாமி அண்ணன். "யாரு மகன்டா நீ? இந்த மனுசன் உசுரோட கெடக்கறப்பவே நோக்குகூலி கேட்டுப் போயிருக்கறயே."

அப்பாவின் கண் என் பக்கம் திரும்பியது. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அவர் வாழ்நாள் முழுவதும் காப்பாற்றிய பேர் என்னால் போகிறது. அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால், நான் எதை மறைக்கச் சட்டை போட்டுப் போனேனோ அதைச் சொல்ல வேண்டும்.

"கூலி கேக்கப் போகலீங்ண்ணா. அந்தக் காச அங்கயே வெச்சுட்டு வந்துட்டனுங்க. அவங்க ஊட்டுப் பெரியவரக் குளிப்பாட்டி உடற வேலைக்குப் போனனுங்க."

வேலுச்சாமி, "மூட்டை தூக்குன கையி, ஊரான் பீ அள்ளவா போச்சு?" என்றான். ஒருவர் இருமினார்.

அப்பா ஏதோ சொன்னார். குழறலாக இருந்ததால் அவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரியும். "போயி... செஞ்சியா?" என்று கேட்டார்.

"இல்லீங்ப்பா. வாசலோட திரும்பி வந்துட்டன்."

"அப்ப அந்தாளு... அழுக்கோட கெடக்கறாரா?"

கெட்ட வேலை என்றோ நல்ல வேலை என்றோ அவர் சொல்லவில்லை. படுக்கையில் கிடக்கும் ஒரு மனிதர், இன்னொரு படுக்கையில் கிடக்கும் மனிதரைப் பற்றிக் கேட்டார். எனக்கு அதுவரை என் வெட்கம் மட்டும்தான் கண்ணில் பட்டிருந்தது. அந்தப் பெரியவர் நேற்று முழுவதும் எப்படிக் கிடந்திருப்பார் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம் அதுதான் என்று அப்போது தெரிந்தது.

அப்பா இடது கையைத் தூக்கி ஆறுச்சாமி அண்ணனைப் பக்கத்தில் அழைத்தார். "இவன் எடத்த... வேற ஆளுக்குக் குடுத்துரு" என்றார். அண்ணன் கண் கலங்கி, "மாமா, அவசரப்படாதீங்க" என்றார். அப்பா தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்குப் போ. சட்டைய மாத்திட்டுப் போ. அது தூக்கறவன் சட்டை" என்றார்.

மறுநாள் கட்டம் போட்ட சட்டையில், சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டைத் திறந்த மகன் என்னை அடையாளம் கண்டு, சிஸ்டர் பக்கத்தில் நின்று விவரம் சொல்லச் சொல்லக் குன்றிப்போனார். என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே மாஷுக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். நான் கண்ணை மூடிக்கொண்டே சோப்புப் போட்டேன். "கண்ணத் தொறந்து செய்யப்பா, சோப்பு என்ற கண்ணுக்குள்ள போகுது" என்றார் மாஷ். அதற்குப் பிறகு கண்ணைத் திறந்துகொண்டு செய்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா தினமும் கேட்பார். மாஷ் சாப்பிட்டாரா, முதுகுப் புண் ஆறுகிறதா, வெளிக்குப் போனாரா என்று. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. மாஷும் அப்பாவை விசாரிப்பார். ஒருநாள் காலை நான் கிளம்பும் முன் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினேன். இரண்டு வாய் குடித்தார். மூன்றாவது வாய் உள்ளே போகவில்லை. என் கையிலேயே தலை சாய்ந்தது. கடைசிக் குளியலையும் நானே செய்தேன்.

பதினாறாம் நாள் காரியத்தில் என் மச்சான் ஒருவர், "மாப்ள இப்ப நர்ஸம்மா ஆயிட்டாருங்க" என்று பந்தியில் சொன்னார். உங்களில் பலர் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு, சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன். இந்த ஒரு வருஷமாக யார் கேட்டாலும் "வேலைக்குப் போறனுங்க" என்று மட்டும் சொல்லி வருகிறேன். என்ன வேலை என்று சொல்ல இன்றும் வாய் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்: படுக்கையில் இருக்கும் ஆண்களைக் குளிப்பாட்டி, துடைத்து, துணி மாற்றி விடுவது என் தொழில். இப்போது சில வீடுகளுக்குப் போய் வருகிறேன்.

அப்பாவைக் கடைசிவரை வந்து பார்த்த சிஸ்டருக்கும், மாஷ் குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. அப்பா இறந்த அன்று லாரிகளை அப்படியே நிறுத்திவிட்டு வந்து, மயானம் வரை வேறு யாருக்கும் தோள் மாற்றாமல் அப்பாவைச் சுமந்த ஆறுச்சாமி அண்ணனுக்கும், வேலுச்சாமிக்கும், செட்டில் உள்ள அனைவருக்கும் என்ன சொன்னாலும் போதாது. காரியங்களில் கூட நின்ற உறவினர்களுக்கும், எனக்காக எல்லோரிடமும் பேசிய என் தங்கைக்கும், வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டையும் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கும் நன்றி.

உங்கள் வீட்டில் யாராவது படுக்கையில் விழுந்தால் சொல்லி அனுப்புங்கள். நம் சொந்தக்காரன், இவனிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம். எனக்கும் கூச்சம்தான். ஆனாலும் வந்துவிடுவேன். அவர்கள் அழுக்கோடு கிடக்க வேண்டாம்.